துக்க வீட்டில் தம்பி ஓட்டிக் காட்டிய துப்பாக்கி

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று பழக்கத்தில் எழுதிவிட்டு அடித்திருக்கிறேன், பார்க்க அசிங்கமாக இருக்கிறது, பொறுத்துக்கொள். என் மகன் பெரியவன் போர்ச் சண்டையில் போய்விட்டான் என்பது கைக்கு இன்னும் தெரியவில்லை.

நீ துக்கத்துக்கு வந்தாய், அழுதாய், எல்லாம் சரி. ஆனால் எதிர்வீட்டுக்காரர் "எப்படிப்பா ஒரே காலையில அவன் படையில இருந்த அத்தனை பசங்களும் போனாங்க?" என்று கேட்டதுதான் தாமதம், துப்பாக்கித் தொழிற்சாலை மேஸ்திரி ஐயா நீ என் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டாயே! "இதோ பாருங்க, துணி போற மாதிரி தோட்டாப் பட்டை உள்ளே போகும், விரலை எடுக்கிற வரைக்கும் நிக்காது" என்று கடகடவென்று மிதித்துக் காட்டினாய். அழ வந்தவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு உன்னைச் சுற்றி நின்றார்கள், என் பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. ஊசி வேறு உடைந்தது. அப்புறம் என்னிடம் வந்து, "அக்கா, அது எதிரியோட மட்டமான சரக்கு. நம்ம மெஷின் துப்பாக்கியா இருந்தா வலியே தெரிஞ்சிருக்காது" என்றாய். ஆறுதலாம்!

படிக்காதவ, தெரியாமத்தான் கேக்கிறேன். நம்ம அப்பாவுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சுவர்த் தகராறு. ஆயுசு முழுக்க "உன்னை வெட்டாம விடமாட்டேன்"னு கத்தினாங்க, வெட்டினாங்களா? கிட்டப் போகணும், மூஞ்சியைப் பார்க்கணும், பாதி வழியில கோபம் ஆறிடும், திரும்பி வந்து சாப்பிட்டுப் படுத்துடுவாங்க. உன் மெஷினுக்குக் கோபமே வேணாமே! ஒருத்தன் மேட்டுல உட்கார்ந்து விரலை அமுக்கினா, பேர்கூடத் தெரியாத பிள்ளைங்க வரிசையா சாயுதுங்க. அதுக்குப் பயந்து ரெண்டு பக்கமும் குழி வெட்டி மாசக்கணக்கா உள்ளே கிடக்காங்களாம், எவனும் நகரலையாம். இதைத்தான் நீ முன்னேற்றம்னு சொன்னே.

இதில் சின்னவளையும் உன் தொழிற்சாலைக்கு அனுப்பச் சொல்லி எழுதியிருக்கிறாய். அண்ணனைத் தின்ன சாமானைச் செய்யத் தங்கச்சியா? அனுப்ப மாட்டேன். என் உயிர் உள்ளவரை நடக்காது. இனி அந்தப் பேச்சை எடுத்தால் அக்கா தம்பி உறவு அத்தோடு சரி.

உன் மனைவியும் பிள்ளைகளும் தீர்க்காயுசாக இருக்கட்டும். உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கூடப் பிறந்து தொலைத்தாயே.

இப்படிக்கு,
அக்கா

பி.கு.: இதைக் கொண்டுவந்து கொடுப்பவள் சின்னவள்தான். தையலில் வருவது இரண்டு வயிற்றுக்குப் போதவில்லை, என்ன செய்ய. வேலை போட்டுக் கொடு. ஆனா செய்யிற இடத்துல போடாதே, செஞ்சதைப் பார்த்துக் கழிக்கிற இடத்துல போடு. நான் தைக்கிறதுலேயே நூலு நூலா குறை கண்டுபிடிக்கிறவ அவ. பத்துக்கு ஒன்பதைக் கழிச்சுத் தள்ளிடுவா. திட்டாதே. அந்த ஒன்பதும் யார் வீட்டுப் பிள்ளையையும் தேடிப் போகாதில்ல.