மாப்பிள்ளைக்கு, கிட் விஷயமாக

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதுவது. இங்கு மூவரும் நலம். அதில் ஒருவர் உங்கள் மனைவி என்பதால் நீங்களும் நலமாகவே இருப்பீர்கள் என்று துணிந்து எழுதுகிறேன்.

இக்கடிதத்தில் வருபவை:
1. புரோகிராமர்கள் பழைய முறையை விட்டுக் கிட் (Git) என்ற புது முறையின் பக்கம் போனது ஏன்.
2. ஒருவரையொருவர் கேட்காமல் வேலை செய்வதால் வரும் குடும்ப அமைதி.
3. உங்கள் மனைவியைத் திருப்பி அனுப்புவது.

இன்சூரன்ஸ் அலுவலகத்தில் ஓய்வு பெற்ற எனக்கு இதில் ஞானம் கிடையாது. ஆனால் நீங்கள் இருவரும் வீட்டிலேயே நடத்தும் கம்பெனியில், எழுதும் புரோகிராமையும் அதன் பழைய பிரதிகளையும் எதில் வைத்துக் காப்பது, நீங்கள் கிட்டுக்கு மாற்றியது சரியா என்ற தகராறில் மகள் பெட்டியோடு வந்து நின்றால் படிக்காமல் இருக்க முடியுமா? படித்தேன். மாடி வீட்டு புரோகிராமரையும் படிக்கட்டில் மடக்கினேன். "பழசுல எல்லாம் ஒரே இடத்துல இருக்கும் சார். லைன் போச்சுன்னா கையக் கட்டிக்கிட்டு உட்காரணும். கிட்ல முழு சரித்திரமும் அவங்கவங்க மெஷின்லயே இருக்கும். புதுசா ஒண்ணு செஞ்சு பார்க்கணுமா, தனியா ஒரு கிளை பிரிச்சுக்கலாம். பிடிக்கலையா, வெட்டிடலாம்" என்றார். "அதனாலதான் எல்லாரும் மாறினாங்களா?" என்றேன். ஒரு படி இறங்கிக்கொண்டே சொன்னார்: "எல்லாரும் மாறினதாலயும் மாறினாங்க சார்."

ஆகவே நியாயம் உங்கள் பக்கம்தான். பழைய முறையில் உங்கள் வீட்டு வழக்கம் எனக்குத் தெரியும். ஒருவர் ஒரு கோப்பைத் திருத்த எடுத்தால் பூட்டிவிடுவார், மற்றவர் போய், "முடிஞ்சுதா, விடறியா?" என்று கேட்டு நிற்க வேண்டும். கிட்டில் அந்தக் கெஞ்சலே இல்லை. அவரவர் பிரதி, அவரவர் மேஜை, சண்டைக்கு இடமே கிடையாது.

நானும் சோதித்துப் பார்த்தேன். குடியிருப்புச் சங்கச் செயலாளர் என்ற முறையில் லிஃப்ட் அறிவிப்பைக் கிட்டில் வைத்து, ஒரு வரியை என் பிரதியில் "லிஃப்ட் பழுது, ஏறாதீர்கள்" என்று மாற்றினேன், மெக்கானிக் வந்து போனதைப் பார்த்த உங்கள் மனைவி அதே வரியைத் தன் பிரதியில் "சரியாகிவிட்டது, ஏறலாம்" என்று மாற்றியிருக்கிறாள், இரண்டையும் சேர்க்கச் சொன்னேன், ஒரே வரியை இருவர் மாற்றினால் கிட் தீர்ப்புச் சொல்லாதாம், இரண்டையும் அம்புக்குறிகளுக்கு நடுவே வைத்து நீயே முடிவு செய் என்று விட்டுவிடுமாம், அது தெரியாத நான் அம்புக்குறிகளை அலங்காரம் என்று நினைத்து அப்படியே அச்செடுத்து லிஃப்ட் கதவில் ஒட்டிவிட்டேன். கீழ்த்தள டாக்டர் மட்டும், "செயலாளரே, பாதி தூரம் ஏறலாமா?" என்று கேட்டார். உங்கள் மாமியார், "இவர்கிட்ட எதைக் கொடுத்தாலும் இப்படித்தான்" என்று உள்ளே போய்விட்டாள். குற்றம் என்னுடையது, கிட்டினுடையது அல்ல. இதையெல்லாம் மகளுக்கு எடுத்துச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பி வைக்கிறேன். கவலை வேண்டாம்.

நீங்கள் இருவரும் எத்தனை கிளை பிரித்தாலும் ஒரே வீட்டில் நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
மாமனார்.

பி.கு.: உறையில் போடுமுன் மகளுக்குப் படித்துக் காட்டினேன். "கிட் நல்லதுதான்ப்பா. நான் எப்ப இல்லைன்னு சொன்னேன்?" என்றாள்.

"பின்ன எதுக்கும்மா பெட்டியத் தூக்கிட்டு வந்தே?"

"பூட்டு இருந்தப்போ, விடறியான்னு கேக்கவாவது எழுந்து என் ரூமுக்கு வருவார். வந்தா உட்காருவார், ஏதாவது பேசுவார். சில நாள் வேலை முடிஞ்சும் வேணும்னே பூட்டி வச்சிருக்கேன். இப்போ என் வேலை தானா அவர் மெஷினுக்குப் போயிடுது. அவருக்கு வரவே தேவையில்லை."

உறையை ஓரமாக வைத்துவிட்டு மறுபடி பேனாவை எடுத்தேன். கிட் அப்படியே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை நான் அனுப்பப் போவதில்லை. நீங்களே வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிறாயா என்று கேளுங்கள். மேலே பட்டியலில் இரண்டாவதாக நான் எழுதியது தவறு, மாப்பிள்ளை.