பதினெட்டுல போன உயிர்

மணிபாரதி அன்னிக்குப் பல்லு வெளக்குறப்பவே சபதம் எடுத்துட்டான். ஒண்ணு, பொண்டாட்டி மதிவதனி இனிமே ஸ்கூட்டர முப்பதுக்கு மேல ஓட்டக் கூடாது. இல்ல, இவன் இனிமே அவ பின்னாடி ஏறக் கூடாது.

ரெண்டாவது நடக்காது. ஏன்னா இவனுக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது!

இதுல கூத்து என்னன்னா, இவன் பொழப்பே ரேஸ் கேம்தான். தலத்தெரு வீட்டு மாடியில உக்காந்துக்கிட்டு, கேம்ல கார் ஓடுற ரோடு, செவுரு, வளைவு எல்லாம் இவன்தான் போடுறான். லெவல் டிசைனர்! இவன் போட்ட ரோட்டுல ஊரு ஒலகத்துப் பயலுவல்லாம் முந்நூறுல பறக்குறானுவ. பொண்டாட்டி பின்னாடி நாப்பதுல போனா இவனுக்குத் தொடை தந்தியடிக்கும். போன மாசம் பயத்துல அவ ஹேண்ட்பேக் வாரக் கடிச்சே அத்துப்புட்டான்.

அந்த பயத்த அவளுக்கும் காட்டணும். மூணு நாள் முழிச்சு ஒரு லெவல் செஞ்சான். குட்டி சந்து, அதுல ஒரு ஸ்கூட்டர். மதிகிட்ட போனக் குடுத்தான்.

"ஐயய்யோ! செவுரு! என்னங்க, செவுரு மேலயே வருதுங்க!"

"ஓட்டு, ஓட்டு."

"எவ்ளோ வேகங்க இது? நூறா?"

"நாப்பது. நீ தெனம் போற வேகம்."

மதி போன வச்சிட்டா. உள்ளங்கையெல்லாம் வேர்வை. "நாப்பதா இது? சாமி! எப்படிங்க இப்படிச் செஞ்சீங்க?"

அங்க வாய மூடியிருக்கலாம். ஆனா கல்யாணமாகி நாலு வருஷத்துல அவன் வேலையப் பத்தி அவ கேக்குற மொதக் கேள்வி! மனுசன் பொங்கிட்டான்.

"உண்மையில அது இருபத்தஞ்சுதான் மதி! வேகம் நம்பர்லயா இருக்கு? பக்கத்துல என்ன ஓடுதோ அதுல இருக்கு! செவுத்தக் கிட்ட வச்சேன். போஸ்ட்ட நெருக்கி நட்டேன். தலைக்கு மேல கிளையத் தொங்க வுட்டேன். வளைவுக்கு அந்தாண்ட என்னன்னு காட்டவே இல்ல. அவ்ளோதான், உயிரு போயிரும்! அதே ரோட்ட அகலமாக்கி, சுத்தி வெறும் வயலா வுட்டுப்பாரு. நூறுல போனாலும் எருமை போற மாதிரிதான் இருக்கும்!"

"ஓஹோ. அப்ப நீங்க பயப்படுறது வேகத்துக்கு இல்ல, செவுத்துக்கு."

"சேச்சே! வேகம் என் ஒடம்புக்கே தெரியும்."

"அப்ப ஒரு பந்தயம். ஞாயித்துக்கிழம டி.ஆர்.பட்டினம் அம்மா வீட்டுக்குப் போறோம். பயம் வர்ற எடத்துல என் தோள்ல தட்டுங்க. அப்ப மீட்டர் முப்பதுக்கு மேல காட்டுனா நான் தோத்தேன். இனி முப்பதுதான். கம்மியா இருந்தா, என் வேகத்தப் பத்தி நீங்க வாயே தெறக்கக் கூடாது."

கெடச்சதுடா வாழ்வு! தலையாட்டிட்டான்.

ஞாயித்துக்கிழம ரெண்டு பேரும் ஹெல்மெட் மாட்டுனாங்க. மதி எப்பவும் போற தெருவ வுட்டுட்டுப் பின்சந்துல திருப்புனா. ரெண்டு பக்கமும் செவுரு! முழங்கால உரசுது! தலைக்கு நேரா முருங்கக் கிளை! வளைவுக்கு அந்தாண்ட என்ன இருக்கு? மாடா? லாரியா? எமனா?

தோள்ல தட்டு. இன்னொரு தட்டு. தபேலா வாசிக்கிற மாதிரி தட்டு.

"மீட்டரப் பாருங்க."

எட்டிப் பாத்தான். பதினெட்டு.

"மீட்டரு ரிப்பேரு!"

"புது வண்டிங்க."

சந்து முடிஞ்சு பைபாஸ். அப்பாடா! அகல ரோடு, ரெண்டு பக்கமும் வயலு, தூரத்துல நாலு தென்ன மரம். குளுகுளுன்னு காத்து. இவனுக்கு உயிர் திரும்பி வந்துச்சு. பாட்டுகூட முணுமுணுத்தான்.

"பாத்தியா மதி! இப்படி ஓட்டுனா யாரு என்ன சொல்லப் போறா? நிதானமா, பதவிசா!"

"பயமா இல்லையே?"

"இதுக்கா? ஆமை வேகம்!"

"இப்ப மீட்டரப் பாருங்க."

எட்டிப் பாத்தான். அறுபத்தெட்டு.

வயலு, தென்ன மரம், ரோடு எல்லாம் ஒரேயடியா இவன் மேல பாஞ்சு வந்துச்சு. தட்டுனான் பாருங்க, அவ தோளு வீங்குற அளவுக்குத் தட்டுனான்!

"தட்டிட்டேன்! முப்பதுக்கு மேல! நீ தோத்த!"

"அது செல்லாதுங்க. ரோட்டப் பாத்து வரணும் பயம். நம்பரப் பாத்து வந்தது கணக்குல சேராது. வேகம் நம்பர்ல இல்லன்னு நீங்கதான சொன்னீங்க?"

மிச்ச ரோடு பூராவும் கண்ண இறுக்கி மூடிக்கிட்டான். அது அதவிட பயமா இருந்துச்சு.

டி.ஆர்.பட்டினத்துல மாமியா பங்கஜவல்லி வாசல்லயே நின்னுச்சு.

"என்ன மாப்ள, மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கெடக்கு? இவ கண்ணுமண்ணு தெரியாம ஓட்டுனாளா? சொல்லுங்க, நான் கேக்குறேன்!"

மணிபாரதி வாயத் தெறந்தான். மதி திரும்பி ஒரே ஒரு பார்வ பாத்தா.

"காத்து நல்லா வந்துச்சு அத்த."