மில்லி அண்ணையின் கப்

ரொறன்ரோவில் வந்திறங்கிய தமிழர்களிலே மில்லி அண்ணையைப் போல அளந்து சமைத்தவர் எவருமில்லை. அவரைப் போல வாயில் வைக்க முடியாமல் சமைத்தவரும் எவருமில்லை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். அளவாகப் போட்டாலும் நஞ்சு வரும் என்று நிரூபித்தவர் அவர்.

தொண்ணூறுகளில் சென் ஜேம்ஸ் ரவுணில், பதினேழாம் மாடியில், ஒற்றை அறை அப்பார்ட்மென்டில் நாங்கள் நான்கு பேர். மனைவியை ஊரில் விட்டு வந்தவர் அவர் ஒருவர்தான். சிவப்புக் கோடு போட்ட கண்ணாடி மெஷரிங் கப் ஒன்று வைத்திருந்தார். குழம்புக்குத் தண்ணீர் விடும்போது குனிந்து, ஒரு கண்ணை மூடிக் கோட்டைப் பார்ப்பார். அதற்குள் வெங்காயம் கருகிவிடும்.

“கொஞ்சம் உப்புப் போடுங்கோ அண்ணை” என்று சொன்னால் போச்சு.

“கொஞ்சம் எண்டால்? எத்தனை மில்லி?”

நான்கு வருடம் கழித்து அவருடைய மனைவிக்கு விசா கிடைத்தது. “அவ வந்திறங்கிற அண்டைக்கு அவவின்ரை கேக்கை நானே செய்து வைக்கப்போறன்” என்றார். கல்யாணமான புதிதில் அந்த அக்கா அடிக்கடி செய்து கொடுத்த கேக். ஒரு கடிதத்தில் செய்முறையும் எழுதியிருந்தார். மா இரண்டு கப், சீனி ஒரு கப், மாஜரின் ஒரு கப், முட்டை நாலு.

எந்தக் கப்? அங்கேதான் பிடித்தது சனி. அடுப்புக்குப் பக்கத்தில் மூன்றை வரிசையாக வைத்தார். கனடாக் கப் இருநூற்றைம்பது மில்லி. அமெரிக்கக் கப் அதைவிடச் சற்றுக் குறைவு. றைஸ் குக்கரோடு வந்த கப் வெறும் நூற்றெண்பது.

“எல்லாத்தையும் ஒரே கப்பாலை அளந்தால் சரிதானே அண்ணை?” என்றேன்.

“விசரா, முட்டை நாலு எண்டெல்லோ கிடக்கு. கப் சின்னனாப் போச்செண்டால் முட்டையும் சின்னனாகுமோ?”

விசர்க்கதைக்குள் இப்படி நியாயம் இருப்பதுதான் எரிச்சல்.

றைஸ் குக்கர் கப்பில் செய்த கேக் முட்டைப் பொரியலாக வந்தது. கனடாக் கப்பில் செய்தது ஆணி அடிக்க உதவும். “மா கப்புக்குள்ளை இறுகிப்போய்க் கிடக்கு, அதுதான் பிழை” என்று கண்டுபிடித்து, அடுத்த தடவை புட்டுக்கு அவிப்பதுபோல மாவை அவித்து, அரித்து, அளந்தார். தேங்காய்ப்பூ போட்டிருந்தால் புட்டென்றே சாப்பிட்டிருப்போம். நாலாவது கருகி, பயர் அலாம் அடித்து, கட்டடமே இறங்கிப் பனிக்குள் நின்றது. அண்ணை மெஷரிங் கப்போடு வந்துவிட்டார். காலுக்குப் போடும் சப்பாத்துத்தான் மேலே நின்றுவிட்டது.

கடைசியில் மனைவிக்கு எழுதினார். நான்கு வருடம் பிரிந்திருந்த ஒரு புருஷனின் கடிதம் இவ்வளவுதான்: “உம்முடைய கப் எத்தனை மில்லி? உடன் பதில் போடவும்.”

பதில் வரவில்லை. அக்காவே வந்துவிட்டார். கேக் இல்லாமல்தான் விமான நிலையம் போனோம். அக்காவைக் கண்டதும் மனுசன் கேட்ட முதல் கேள்வி, “கடிதம் கிடைச்சதோ? கப் எத்தனை மில்லி?” எனக்குப் பளாரென்று ஒன்று கொடுக்கக் கை துடித்தது.

அக்கா கைப்பையைத் திறந்து, பழந்துணியில் சுற்றிய, பிடி உடைந்த தேநீர்க் கோப்பை ஒன்றை எடுத்தார்.

“நீங்கள் தேத்தண்ணி குடிக்கிற கப்தான். நீங்கள் வெளிக்கிட்ட நாள் தொடக்கம் அரிசி, மா எல்லாம் இதாலைதான் அளக்கிறன். மில்லியெல்லாம் எனக்குத் தெரியாது.”

வீட்டுக்கு வந்ததும் அண்ணை அந்தக் கோப்பையில் தண்ணீர் நிரப்பி, சிவப்புக் கோட்டுக் கப்பில் ஊற்றினார். பாதி மேசையில் சிந்தியது. மறுபடி நிரப்பினார். மறுபடியும் சிந்தியது.

“எவ்வளவு அண்ணை?”

“தெரியேல்லையடா” என்றார். “கோடு தெரியுதில்லை.”

விமான நிலையத்தில் அறையத் துடித்த அதே கையால் அவருடைய முதுகைத் தடவிக் கொடுத்தேன்.