பரிசு நாள் காய்ச்சல்

சூடான டீயில் தெர்மாமீட்டரை முக்கிக்கொண்டிருந்த லிஃப்ட் மெக்கானிக், காலடிச் சத்தம் கேட்டதும் அதை அப்படியே வாயில் வைத்துக்கொண்டு போர்வைக்குள் புகுந்தார். நாக்கு பொத்துப்போனது.

"பரிசு நாளும் அதுவுமா, என்னங்க இப்படிக் கொதிக்குது?" என்று பதறினாள் மனைவி.

"கிட்ட வராத! ஒட்டிக்கும்!"

அவருக்கு வேறு வழியில்லை. வீட்டில் ஒருவருக்கொருவர் பரிசு கொடுத்துக்கொள்ளும் பண்டிகைக்கு, மனைவிக்கு ஒன்று வாங்க இந்த வருஷமும் மறந்துவிட்டார். விடிந்தபிறகுதான் ஞாபகம் வந்தது, பண்டிகை விடுமுறையில் கடைகளோ மூடிக் கிடந்தன. போன வருஷம் கையில் அகப்பட்ட டார்ச் லைட்டைத் தாளில் சுற்றிக் கொடுத்ததற்கு, ஒரு மாதம் "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்று மகள் வழியாகத்தான் பேச்சுவார்த்தை நடந்தது. இப்போது மகளும் ஹாஸ்டலில் இருக்கிறாள்.

நோயாளியிடம் யார் பரிசு கேட்பார்கள்? கேட்கவில்லைதான். ஆனால் மனைவி குடியிருப்பு நர்ஸை வரவழைத்துவிட்டாள். நர்ஸ் அவர் மூக்கில் குச்சியை விட்டு மூளை வரைக்கும் துழாவினார்.

"நேத்து யார்கூட நெருங்கிப் பழகினீங்க? ரிசல்ட் வர்ற வரைக்கும் அவங்களும் இதே ரூம்லதான் இருக்கணும்."

மனைவி என்று சொன்னால் நாள் முழுக்க அவள் முகத்தில் விழிக்க வேண்டும். மெக்கானிக் ஹாலைக் காட்டினார். அங்கே முதல் நாளே வந்து இறங்கிவிட்ட மனைவியின் அண்ணன், ஃபேன் சரியில்லை என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

"மச்சான்தான். வந்ததும் கட்டிப்பிடிச்சுக்கிட்டார்."

மச்சான் மூக்கையும் துழாவி, உள்ளே தள்ளி, வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள்.

"மாட்டி விட்டுட்டீங்களே மாப்ளே!" என்று ஆரம்பித்த மச்சான், பிறகு வாயை மூடவேயில்லை. மெக்கானிக்கின் சம்பளம், தொப்பை, கொட்டிய முடி எல்லாவற்றுக்கும் யோசனை வைத்திருந்தார். லிஃப்டில் சிக்கிய எத்தனையோ பேரை "பதறாதீங்க, மூச்சை மெதுவா விடுங்க" என்று தேற்றிய மெக்கானிக், அதையே தனக்கும் சொல்லிப் பார்த்தார். பலிக்கவில்லை.

மத்தியானம் கதவைத் தட்டினார். "எனக்குச் சரியாப்போச்சு! திற!"

"விட்ட மாதிரிதான் இருக்கும். திரும்ப வரும்ங்க" என்றாள் மனைவி வெளியிலிருந்து.

ஹாலில் பாட்டு ஓடியது. மனைவியின் சிநேகிதிகள் வந்திருந்தார்கள் போல. மெக்கானிக் மானத்தை மூட்டை கட்டி வைத்தார்.

"காய்ச்சலே இல்லடி! பரிசு வாங்க மறந்துட்டேன், அதான் நடிச்சேன்! மன்னிச்சிரு!"

வெளியே மனைவி சிநேகிதிகளிடம் சொல்வது கேட்டது.

"ஐயோ பாவம், உளற ஆரம்பிச்சுட்டார்."

மெக்கானிக்குக் கண் கலங்கியது. நிஜமாகவே வருத்தமாக இருந்தது. கட்டினவளுக்கு ஒரு கைக்குட்டைகூட வாங்கித்தரத் துப்பில்லாமல் போனோமே!

"அழாதீங்க மாப்ளே. மறதிக்கு நான் ஒரு வழி சொல்றேன்" என்று மச்சான் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

சாயங்காலம்தான் தாழ்ப்பாள் விலகியது. நர்ஸ் நின்றிருந்தார். முகத்தில் மாஸ்க் இல்லை, கையில் கேக் துண்டு இருந்தது.

"ரிசல்ட் வந்துடுச்சா சிஸ்டர்?"

"காலையிலேயே வந்துடுச்சே! ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்லைன்னு உங்க வீட்டம்மாகிட்ட அப்பவே சொன்னேன். அவங்கதான், 'புருஷனும் அண்ணனும் ஒண்ணா உள்ளே! கல்யாணமானதிலேர்ந்து அவர் எனக்குக் கொடுத்த முதல் நல்ல பரிசு இதுதான், சாயங்காலம் வரைக்கும் பிரிக்க வேணாம்'னுட்டாங்க."