ஒன்றரைச் சுற்று ஸ்பிரிங்

கைபேசியில் பார்த்துப் படித்த வித்தையை வாப்பாவின் சொத்தில் பரீட்சித்துப் பார்க்கும் பிள்ளை எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும். எங்கள் வீட்டில் அது நான். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. (மூளைக்கு எத்தனை வயது என்று கேட்காதீர்கள்.)

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தொண்ணூறில் வடக்கே முசலியிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு வந்து தில்லையடியில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. ஊருக்குப் போய்வரவென்றே வாப்பா ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினார். அங்கே காடு மண்டிக் கிடந்த காணிகளை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அளக்கப்போவதாகத் தகவல் வந்தது. சொந்தக்காரர்கள் நேரில் நின்று எல்லை காட்ட வேண்டும். எல்லைக் கல் ஒன்றும் மிச்சமில்லை. வாப்பாவின் ஞாபகம் மட்டும்தான் இருந்தது.

"கிணறு நான் வெட்டினது. அதுக்கு அங்கால பத்து முழம் நம்மடது. நான் நிண்டு காட்டினாச் சரி" என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொல்வார்.

அதற்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, தூரத்து ஊரொன்றின் பந்தயத் திடலில் யாரும் தங்கள் காரைக் கொண்டுபோய் ஓட்டிப் பழகலாம் என்று அறிவித்திருந்தார்கள். சேர்விசுக்கு விடுகிறேன் என்று வாப்பாவிடம் சொல்லிக் காரை எடுத்தேன்.

கார் தரையோடு பதிவாக இருந்தால் வளைவில் ஒட்டிக்கொண்டு போகும் என்று காணொளியில் ஒருவர் சொல்லியிருந்தார். கராஜ் வைத்திருந்த என் கூட்டாளி நௌஷாத், நான்கு ஸ்பிரிங்கிலும் ஒன்றரைச் சுற்று வெட்டித் தந்தான். (கிரைண்டர் சத்தத்தில் யாராவது புத்தி சொல்லியிருந்தாலும் கேட்டிருக்காது. யாரும் சொல்லவும் இல்லை.)

டயர் விஷயத்தில் சொந்த ஞானத்தை நம்பினேன். எத்தாளைக் கடற்கரையில் மீன் லொறி ஓட்டியவன் நான். மணலில் இறங்குமுன் பாதிக் காற்றைத் திறந்துவிடுவோம். டயர் பரந்து பிடித்துக்கொள்ளும். மணலிலேயே பிடிக்கிற டயர் தார் ரோட்டில் எப்படிப் பிடிக்கும்! முப்பது இருக்க வேண்டிய காற்றைப் பதினைந்துக்கு இறக்கினேன்.

முதல் வளைவில் கார் ஆடியது. இரண்டாவது வளைவில் முன் டயர் மடிந்து ரிம்மை விட்டுக் கழன்றது. கார் புல்லுக்குள் போய்க் குந்தியது. திடலின் மேற்பார்வையாளர் ஓடிவந்து மற்ற டயர்களை அமுக்கிப் பார்த்தார்.

"மல்லி, ரேஸ் எகடத ஆவே, மாளு கன்னத?" என்று சிங்களத்தில் கேட்டார். (தம்பி, ரேஸுக்கா வந்தாய், மீன் எடுக்கவா?)

நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். வேகமாகத் திரும்பும்போது டயர் மடியாமல் நிற்க உள்ளே காற்று வேண்டும். வெட்டிய ஸ்பிரிங்குக்கு அமுங்கி எழும்ப இடமில்லை. கல் ரோட்டுப் பக்கம் இதைக் கொண்டுபோகாதே என்றும் சொன்னார். தலையாட்டிவிட்டு, மாற்று டயரைப் பூட்டி, காற்று அடித்துக்கொண்டு வந்தேன். வாப்பாவிடம் வாய் திறக்கவில்லை. ஏச்சு விழுமே என்ற பயம்.

செவ்வாய் விடியச் சுபஹுத் தொழுத கையோடு வாப்பா வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். உம்மா பாணும் சம்பலும் கட்டி எடுத்திருந்தா.

"ஏன் மகன், கார் குந்திக்கிட்டு நிக்கிது?"

"சேர்விஸ் பண்ணினா அப்படித்தான் வாப்பா."

அவர் நம்பினார். அதுதான் இன்றைக்கும் சுடுகிறது.

இலவங்குளம் தாண்டிக் காட்டுப் பாதை. ஒவ்வொரு குழிக்கும் உம்மா "யா அல்லாஹ்" என்றா. ஒரு குழியில் விழுந்த கார் எழும்பவில்லை. எஞ்சினுக்கு அடியில் கல் இடித்து ஒயில் முழுவதும் கிரவல் ரோட்டில் கொட்டியது. வாப்பா இறங்கி ஒயிலைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், நடக்கத் தொடங்கினார். போனில் சிக்னல் இல்லை. பகல் பன்னிரண்டுக்குத்தான் ஒரு உழவு இயந்திரம் வந்து எங்களை ஏற்றியது.

ஊர் போய்ச் சேர்ந்தபோது அளந்தவர்கள் போய்விட்டார்கள். பக்கத்துக் காணிக்காரர் தனக்கு ஞாபகமிருந்த எல்லையைக் காட்டியிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. எல்லாரும் ஊரை விட்டுப் போனபோது அவர் சிறுவன், அவருக்கு நினைவு அவ்வளவுதான். கிணறு அவர் பக்கம் போயிருந்தது. வாப்பா மனு எழுதிக்கொண்டு பல தடவை காணிக் கந்தோருக்கு அலைந்தும் கோடு நகரவில்லை. நான் பயந்த ஏச்சு மட்டும் வரவே இல்லை. வந்திருக்கலாம்.

இப்போது அங்கே சின்ன வீடொன்று கட்டியிருக்கிறோம். பெருநாளுக்கு விருந்தாளிகள் வந்தால் வாப்பா என்னைக் காட்டுவார்.

"இவருதான் நம்மட ரேஸ்காரன். ஒரு ரவுண்ட் ஓடி ஒரு கிணத்தைத் தோத்துட்டு வந்தவரு."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிப்பு அடங்கியதும் வாப்பா வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு இந்தப் பக்கத்து வேலியடிக்குப் போவார்.

"தம்பி, ரெண்டு வாளி அள்ளிக்கவா?"

"என்ன நானா, இதுக்கெல்லாம் கேக்கணுமா?" என்பார், வாப்பாவை அண்ணனாக நினைக்கும் அந்தப் பக்கத்துக் காணிக்காரர், ஒவ்வொரு முறையும்.

வாப்பா ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுத்தான் அள்ளுகிறார்.