அந்தப் பக்கமும் இதே மாதிரிதாங்க!

வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடுகிறவரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். அவர் சோம்பேறி, திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். இங்கே நாம் பார்க்கப்போகிறவர் அவரல்லர். இவர் பாதியை மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு மயிரிழை பிசகாமல், பார்க்கிறவர் மூக்கில் விரல் வைக்கும்படி செய்துமுடிப்பார். முடித்ததும் அதே பாதியை இடவலமாகத் திருப்பிப் பக்கத்தில் ஒட்டிவைத்து, இதோ முழுசு என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவார். மற்றப் பாதி எங்கே என்று யாராவது கேட்டால் பதில் நாக்கு நுனியில் காத்திருக்கும்:

"அந்தப் பக்கமும் இதே மாதிரிதாங்க!"

இந்த இனம் எல்லா இடத்திலும் உண்டு. ஆனால் அச்சுக்கடைக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதுதான் அது முழு அழகோடு விளங்கும். அப்படி ஒருவருக்குக் கடையில் 'கண்ணாடியார்' என்று பெயர். அவர் மூக்குக்கண்ணாடி அணிவதில்லையாதலால் புதிதாக வருகிறவர்கள் சற்றுக் குழம்புவார்கள். ஒரு வாரம் கூட வேலை பார்த்தால் தெளிந்துவிடுவார்கள்.

டிசம்பர் மாதம் அவருக்கு அறுவடைக் காலம். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் வட்ட அலங்காரங்களுக்குப் படம் செய்துகொடுப்பது கடையின் பெரிய வியாபாரம். கண்ணாடியார் அரைவட்டம் ஒன்று போடுவார். அதில் சிவப்பை ஊற்றி, விளிம்புக்கு விளிம்பு இருட்டிக்கொண்டு வந்து, நடுவே தங்கப் பட்டை கட்டி, மேலே குமிழ் வைத்து, குமிழுக்குள் பாதி வளையம் மாட்டி, இடது தோளில் பளிச்சென்று ஒரு வெள்ளை ஒளி வைப்பாரே, அந்த ஒளியைப் பார்த்தால் கையை நீட்டித் துடைக்கத் தோன்றும். அப்புறம்? அந்த அரைவட்டத்துக்கே ஒரு காப்பி. இடவலமாக ஒரு ஃப்ளிப். ஒட்டு. முடிந்தது.

ஒளியும் சேர்ந்து திரும்பிவிட்டது என்பது அவர் கண்ணில் படாது.

"வெளிச்சம் எந்தப் பக்கத்துல இருந்து வருது?" என்று கடை முதலாளியம்மா ஒருநாள் கேட்டார்.

"ரெண்டு பக்கத்துல இருந்தும்."

"அது எப்படிய்யா?"

"பண்டிகை இல்லையா மேடம்?"

ஒரு தடவை உருண்டையின் மேல் இருந்த வாழ்த்தும் சேர்ந்து திரும்பிப் போயிற்று. வாங்கிப்போனவர் வீட்டில் அதைப் படிக்க எல்லாரும் அலமாரிக் கண்ணாடி முன்னால் வரிசையில் நின்றார்களாம். கண்ணாடியார் அசரவில்லை.

"மனுஷன் முகத்தைப் பாருங்க மேடம். கடவுளே பாதி வரைஞ்சு திருப்பித்தான் போட்டிருக்கார்."

"அப்ப இதயம் ஏன்யா இடது பக்கம் இருக்கு?"

"அது உள்ளதானே இருக்கு? யாருக்குத் தெரியப்போகுது?"

கடையோடு நின்றால் பரவாயில்லை. வீட்டில் மனைவி ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால், முதல் பாதியை வாங்கிக்கொண்டு மீதியை இவரே செய்துகொள்வார். "சாயங்காலம் டாக்டர்கிட்ட..." என்று அவர் ஆரம்பித்தாரோ இல்லையோ, "சரி சரி, போய்ட்டு வந்துடறேன்" என்று செருப்பை மாட்டியாயிற்று. டாக்டர் ஊரில் இல்லை, போகவேண்டாம் என்று சொல்லவந்த மனைவி வாசலில் நின்று தலையில் அடித்துக்கொள்வார். செய்தித்தாளில் தலைப்பு, வழக்கென்றால் ஒரு கட்சி, சண்டையென்றால் முதலில் அழுதவர் சொன்னது. இவ்வளவு போதும், தீர்ப்பு தயார். அவர் முழுதாகச் செய்கிற காரியம் சவரம் ஒன்றுதான். அங்கே மட்டும் எதிரில் இருக்கும் கண்ணாடி காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இப்படிப்பட்டவரிடம்தான் ஒரு கணக்கு டீச்சர் வந்து சேர்ந்தார்.

டீச்சருக்கு வேண்டியது சின்ன வட்ட அலங்காரம். ஒரு கிளையில் இரண்டு உருண்டைகள். ஒன்றுக்குள் மூத்த மகள் முகம், மற்றதற்குள் இளையவள் முகம். கைப்பேசியிலிருந்து இரண்டு படங்களைக் கடைக்கு அனுப்பிவிட்டு, கண்ணாடியாரின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"இவ ரெட்டையில மூத்தவ. இன்னொருத்தி..."

"இரட்டைப் பிள்ளைங்களா? புரிஞ்சுது, புரிஞ்சுது. நீங்க போய் உட்காருங்கம்மா."

சொல்லவந்ததை எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டுமே! டீச்சர் முதலாளியம்மாவிடம் போனார்.

"சின்னவ என்கூடப் பேசி ரெண்டு வருஷம் ஆச்சும்மா. தப்பு என்மேலதான். தபால்ல இதை அனுப்பிப் பார்க்கறேன். பார்த்தாவது வருவாளான்னு."

கண்ணாடியார் முதல் படத்தைத் திறந்தார். முகத்தை வெட்டியெடுத்தார். தலைமுடியின் ஓரத்தில் ஒவ்வொரு இழையாகப் பிரித்து, கன்னத்தில் உருண்டையின் சிவப்பை மெல்லப் படரவிட்டு, முகமே கண்ணாடிக்குள் மூச்சுவிடுவதுபோலச் செய்தார். வேலை என்றால் வேலைதான், பொய் சொல்லக்கூடாது. பிறகு இரண்டாவது படத்தின்மேல் மவுஸ் போயிற்று. போய் நின்றது. இரட்டைதானே? ஒரு காப்பி. ஒரு ஃப்ளிப்.

அச்சாகி வந்ததும் டீச்சர் கையில் வாங்கினார். இடது உருண்டையைப் பார்த்தார், கண் நிறைந்துவிட்டது. நிறைந்த கண்ணுக்கு வலது உருண்டை எங்கே தெரியும்? "நல்லா இருக்கு, கட்டிடுங்க" என்றார். கண்ணாடியாருக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்த பெண்ணொருத்தி, தோளில் பயணப் பையோடு கடைக்குள் வந்தாள். அந்த அலங்காரத்தை அவர் மேசைமேல் வைத்தாள்.

"பின்னால உங்க கடைப் பேர் இருந்துச்சு. இதை நீங்கதான் செஞ்சீங்களா?"

"ஆமாம்மா. நல்லா வந்திருக்குல்ல?"

"இதுல நான் எங்க இருக்கேன்?"

கண்ணாடியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பெருந்தன்மையோடு வலது உருண்டையைக் காட்டினார்.

"அது எங்க அக்கா."

விரல் இடது உருண்டைக்கு நகர்ந்தது.

"அதுவும் எங்க அக்கா."

விரல் நடுவழியில் நின்றது.

"புருவத்துல தழும்பு இருக்கு பாருங்க. சைக்கிள்ல இருந்து விழுந்தது அவ. இங்க இடது புருவத்துல இருக்கு, அங்க வலது புருவத்துல இருக்கு. நான் எப்ப சார் விழுந்தேன்?"

"முகம் ஒண்ணுதானேம்மா..."

"எங்கம்மாவும் இதையேதான் சொல்வாங்க. சின்ன வயசுல ரெண்டு பேருக்கும் போர்டு தெரியலைன்னு சொன்னோம். அக்காவை மட்டும் கூட்டிட்டுப் போய்க் கண்ணைக் காட்டிட்டு, ஒரே பவர்ல ரெண்டு கண்ணாடி வாங்கிட்டு வந்தாங்க. ஒரு வருஷம் தலைவலி எனக்கு. படிப்பு, வேலை, எல்லாம் அப்படித்தான். அவளுக்கு அளவெடுத்து எனக்கும் சேர்த்துத் தைக்கறது. அதனாலதான் வீட்டை விட்டே போனேன்." பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எங்கம்மா எத்தனை போட்டோ கொடுத்தாங்க? ஒண்ணுதான்னா இப்படியே ரயிலுக்குப் போறேன். அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்."

உண்மையைச் சொன்னால் டீச்சர் பிழைப்பார், கண்ணாடியார் மாட்டுவார். பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. மனிதர் அவ்வளவு மோசமில்லை. ஆகவே தமக்குக் கைவந்த கலையைக் கையாண்டார்.

"அம்மா போட்டோ கொடுத்தாங்கம்மா" என்றார். அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

மீதிப் பாதியை அந்தப் பெண்ணே செய்துகொண்டாள்.

"நினைச்சேன். ஒண்ணுதான்."

அவள் கதவுப் பக்கம் திரும்பிவிட்டாள். கண்ணாடியார் மேசையிலிருந்த தூசியைத் தட்டினார். நல்லவேளை, முதலாளியம்மா உள்ளறையிலிருந்து கத்தினார்.

"யாரும்மா அது, டீச்சரோட சின்னப் பொண்ணா? நில்லு, நில்லு! ரெண்டு போட்டோ வந்துச்சும்மா! ஏன்யா, கல்லு மாதிரி உட்கார்ந்திருக்க? அந்த ரெண்டாவது படத்தைத் திற!"

அப்போதுதான் அது முதல்முறையாகத் திறக்கப்பட்டது. திரை முழுவதும் கழுத்தளவு முடியோடு ஒரு முகம். தலையைப் பின்னால் சாய்த்து, வாய்விட்டுச் சிரிக்கிற முகம். புருவத்தில் தழும்பில்லை. பிறந்த நாளைத் தவிர அக்காவோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை.

பெண் திரையருகே வந்தாள். "இது எங்க ஆபீஸ்ல போட்ட படமாச்சே. நான் அனுப்பவே இல்லையே. அம்மா இதையெல்லாம் போய்ப் பார்க்கறாங்களா?"

"பார்க்கறாங்களாவா?" என்றார் முதலாளியம்மா. "முடி வெட்டினது உனக்குத்தான் எடுப்பா இருக்கு, உங்க அக்காவுக்கு இது பொருந்தாதுன்னு என்கிட்ட எவ்வளவு நேரம் சொன்னாங்க தெரியுமா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பையை இறக்கித் தரையில் வைத்துவிட்டு, கண்ணாடியார் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இப்ப செய்ங்க. நான் பார்க்கறேன்."

"ஃப்ளிப்ல கை வச்சே, ஒடிச்சுடுவேன்" என்றார் முதலாளியம்மா.

அன்று கண்ணாடியார் வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு வலது பக்கத்தை வலது பக்கமாகவே செய்தார். இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. வேர்த்து விறுவிறுத்துப் போனார். புதிய அலங்காரத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, அந்தப் பெண் அம்மா வீடு இருக்கும் தெருப் பக்கம் நடந்தாள்.

இனி மனிதர் திருந்தியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? சாயங்காலம் வீட்டுக்குப் போனவர் மனைவியிடம் சொன்னது இவ்வளவுதான்:

"இன்னைக்கு ஒரு பொண்ணு என் டிசைனைக் கையில எடுத்துக்கிட்டு, ரயிலேறி என்னைத் தேடி வந்துடுச்சு. கண்ணெல்லாம் கலங்கிப்போச்சு, பாவம்!"

மனைவி அதை அப்படியே அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டார். இப்போது அந்தத் தெருவில் அவர் பெரிய கலைஞர்.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. இந்த ஆள் யாரென்று உங்களுக்குப் பிடிபட்டுவிட்டது. உங்கள் மைத்துனரேதான், அல்லது பக்கத்து மேசைக்காரர், சந்தேகமே இல்லை. சரி, அவரை உங்களுக்கு எவ்வளவு தெரியும்? பாதி தெரியுமா? இருக்கட்டும். மீதியை எங்கிருந்து எடுத்தீர்கள்?