வார்த்தைக்கு ஒரு டாலர்

ஃப்ளாய்ட் ஷீஃபர், லொரெட்டாவின் சாப்பாட்டுக் கடைக்குத் தர வேண்டிய பாக்கி இருநூற்று எழுபத்திரண்டு டாலர். கூரை வேலை கிடைக்காத ஒரு குளிர்காலம் முழுக்கத் தின்ற முட்டையும் குடித்த காப்பியும். லொரெட்டாவின் கணவன் ஹாங்க் செத்து இரண்டு வருடமாகியும் அந்தக் கணக்கு மட்டும் நோட்டில் அடிக்கப்படாமல் கிடந்தது.

நவம்பர் பத்தொன்பது, அதிபர் லிங்கன் கெட்டிஸ்பர்க்கில் தன் புகழ்பெற்ற உரையை நிகழ்த்திய நாள். அன்றைக்கு அந்த ஊரில் தாடி ஒட்டிய லிங்கன்களுக்குப் பஞ்சமில்லை. லொரெட்டா தன் கடையில் பேச அமர்த்தியிருந்த லிங்கனுக்கு மட்டும் முந்தின நாளே காய்ச்சல்.

"நீதான் உயரம். நாளைக்கு நீ பேசு," என்றாள். "அந்த உரை மொத்தம் இருநூத்து எழுபத்திரண்டு வார்த்தை. வார்த்தைக்கு ஒரு டாலர் கழிச்சுடறேன்."

"எனக்கு மனப்பாடம் வராதும்மா."

"பாத்துப் படி. ஆனா கடுதாசி உறை மேல எழுதிக்கிட்டு வா. ரயில்ல உறை முதுகுலதான் எழுதினாருன்னு ஒரு பொய்க்கதை இருக்கே, வர்றவங்களுக்கு அதுதான் பிடிக்கும்."

ஃப்ளாய்ட் வீட்டில் இருந்தது ஒரே ஒரு உறை. பிரிக்காதது. லிங்கன் இரண்டு நிமிடத்தில் பேசி முடித்ததை அதன் முதுகில் எறும்பு எறும்பாக எழுத அவனுக்கு மூன்று மணி நேரம் ஆனது. ஐம்பத்திரண்டு வயதில், போன குளிர்காலத்தில்தான் எழுத்துக் கற்றிருந்தான்.

காலையில் தாடிக்குப் பசை போதவில்லை. பான்கேக்குக்கு ஊற்றும் சர்க்கரைப் பாகைத் தடவினான். தாடி கழுத்துக்கு இறங்கியது. ஒரு கை தாடிக்கே வேண்டியிருந்ததால் உறையைத் தொப்பிக்குள் வைத்தான்.

கடையில் கூட்டம் நிறைந்ததும் தேசிய கீதம் தொடங்கியது.

"தொப்பியை எடுய்யா," என்று நாலு பேர் அதட்டினார்கள்.

எடுத்தான். உறை நேராகப் பக்கத்து அடுப்பில் இருந்த குழம்புச் சட்டிக்குள் விழுந்தது. அள்ளிச் சட்டைக் கையால் துடைத்தான். குழம்பு போனது, கூடவே மையும் போனது.

முதல் வாக்கியம் இந்த ஊர் நாய்க்குக்கூடத் தெரியும். அதைச் சொன்னான். பிறகு நின்றான்.

"முப்பது வார்த்தை," என்றாள் லொரெட்டா. "பாக்கி இருநூத்து நாப்பத்திரண்டு."

முன்வரிசையில் இருந்த தபால்காரர் மெர்ல் உறையை வாங்கித் திருப்பினார்.

"இது ஹாங்க் கையெழுத்தாச்சே. நான் கொண்டாந்து கொடுத்தது. ரெண்டு வருஷமா பிரிக்கவே இல்லையா?"

ஃப்ளாய்ட் தரையைப் பார்த்தான். "அப்ப எனக்குப் படிக்கத் தெரியாது. பாக்கி கேட்டிருப்பாருன்னு நினைச்சேன். யார்கிட்டயும் குடுத்துப் படிக்கச் சொல்ல வெக்கம். படிக்கத் தெரிஞ்சப்புறம் பயம்."

லொரெட்டா உறையை மெர்லிடமிருந்து வாங்கி அவனிடமே நீட்டினாள். "இப்பப் படி."

பிரித்தான். உள்ளே பென்சில் எழுத்து. குழம்பு அதைத் தொடவில்லை. விரல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, உரக்கப் படித்தான்:

"ஃப்ளாய்ட், நீ போட்ட கூரை ஒரு சொட்டு ஒழுகல. அதுக்கு நான் கூலியே தரல. உன் கணக்கு தீர்ந்துது. நான் நோட்டுல அடிக்க மறந்துடுவேன், இதை லொரெட்டாகிட்ட காட்டு."

லொரெட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டில் கோடு போட்டாள். கடையே கைதட்டியது. தாடி கீழே விழுந்தது.

மெர்ல் மட்டும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"அப்ப பாக்கியே இல்லாத ஆளைத்தானே பேச வச்சிருக்கே, லொரெட்டா? பேசின முப்பது வார்த்தைக்கு அவனுக்கு முப்பது டாலரை எடு."